நம்பர் போட்ட மரங்கள்

யூனிஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெருங்களத்தூர் மலையடிவாரக் காட்டில் எண் போட்ட நாற்பது மரங்களில் முப்பத்தொன்று தரையில் கிடந்தன. எண் இல்லாத மரம் ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை!

அந்த எண்களைப் போட்டவள் அவள்தான். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். 1999-இலிருந்து எட்டு வருஷம், மாதாமாதம் முதல் சனிக்கிழமை வந்து, அடிமரத்தில் ஸ்பிரிங் வைத்துக் கட்டிய எஃகுப் பட்டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதினாள். ஏழாம் எண் வீரை மரம் இத்தனை வருஷத்தில் பருத்தது சுண்டுவிரல் அகலம். இன்னும் இரண்டு வருஷம் அளந்திருந்தால், பருக்கும் வேகத்தை வைத்து அவற்றின் வயதைத் துணிந்து சொல்லியிருப்பாள். பாவிகள், மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார்கள்.

ரம்பம் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. "நிறுத்துங்கய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

குழாய் பதிக்க வந்த கான்ட்ராக்டர் தேவானந்தம் சாவகாசமாக வந்தார். "இன்னா மேடம் பேஜாரு? நாப்பது மரம் வெட்ட ஆர்டர் கீது. போன தபா ஜிஎஸ்டி ரோட்ல நம்பர் போட்ட மரத்தத்தான வெட்னோம்? இங்கயும் நாப்பது நம்பர் கீது."

"அது நான் அளக்கறதுக்குப் போட்டது!"

"அட, மரத்தோட வயசுதான ஓணும்? அதான் வெட்டிக் குட்த்துட்டோமே. வளையத்த எண்ணிக்கோ."

அவ்வளவுதான், யூனிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்த ஊர் மரம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு வளையம் போடாது சார்! ரெண்டு தடவ மழை பேஞ்சா ரெண்டு போடும், காஞ்சு கெடந்தா ஒண்ணுமே போடாது. அதனாலதான் எட்டு வருஷம் நாயா அலைஞ்சேன்!"

தேவானந்தம் சிரித்தார். ரம்பக்காரரிடம், "அடுத்தத அறு, ஃபயாஸ்" என்றார்.

யூனிஸ் பையிலிருந்து, மரங்களுக்கு எண் போடும் வெள்ளை பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தாள். நேரே போய், அவருடைய புத்தம்புதுக் காரின் பானெட்டில் கொட்டை எழுத்தில் 41 என்று எழுதினாள்.

"ஏய்! யாரக் கேட்டு நம்பர் போட்ட?"

"மரத்தப் பாத்ததும் இதக் கேட்டிருக்கணும் நீங்க! ஃபயாஸ் அண்ணா, நம்பர் இருக்கு, வெட்டுங்க!"

ஃபயாஸ் ரம்பத்தை அணைத்துவிட்டார். "ஆர்டர்ல எந்த மரம்னு கேட்டுகினு வா சார். அப்பால அறுக்கறேன்."

தேவானந்தம் பானெட்டைத் துடைத்துக்கொண்டே போன் போட்டார். அவர் பேசி முடிப்பதற்குள், அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும், மிச்சமிருந்த ஒன்பது மரங்களிலும் தன் எண்களைத் தானே கத்தியால் சுரண்டினாள் யூனிஸ். எட்டு வருஷம் தொட்டு அளந்த மரங்களை எண் இல்லாவிட்டால் அவளுக்கு அடையாளம் தெரியாதா என்ன?