காந்திமதிநாத பிள்ளையின் அருவம்

குழல்வாய்மொழி பெரியவளாகி எட்டு மாதம் ஆகிறது. அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுத மட்டுமாவது அனுப்புங்கள் என்று கேட்க, நூருன்னிசா டீச்சர் தென்காசியிலிருந்து வண்டி பிடித்துக் குத்துக்கல்வலசைக்கே வந்துவிட்டாள். அப்பா காந்திமதிநாத பிள்ளை அவளுக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

"கௌரவம்னு ஒண்ணு இருக்கு, டீச்சரம்மா. அது அருவம். அருவம்னா உருவம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது. ஆனா வயசுப்பிள்ள தெருவுல நடந்தா உடைஞ்சிரும்."

"கைக்கே அகப்படாதது எப்படிய்யா உடையும்?"

"அதெல்லாம் ஆம்பளைகளுக்கு வெளங்கும்."

டீச்சர் எழுந்தாள். டம்ளரை வாங்க வந்த குழல்வாய்மொழியிடம், "திங்கக்கெழம காலையில பரீட்ச. வண்டியோட தெருமுக்குல நிப்பேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் கொடைத் திருவிழா. பூசாரி முதல் மரியாதையான பரிவட்டத்தை வருஷா வருஷம் பிள்ளையின் தலையில்தான் கட்டுவார். இந்த வருஷம், சித்திரை மாதக் குற்றாலத்தில் நூலாக ஒழுகிய தண்ணீரில் மணிக்கணக்காகக் குளித்துவிட்டுப் பிள்ளை வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. பூசாரி அதைப் பிள்ளையின் தம்பி குத்தாலிங்கத்துக்குக் கட்டிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத கௌரவம் ஒன்றரை முழத் துணியாகத் தம்பி தலையில் இருந்ததைப் பிள்ளை கண்ணாரக் கண்டார்.

வீட்டுக்கு வந்து அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "இனி எந்த முகத்த வச்சிக்கிட்டு வெளிய வருவேன்!" என்று ஒரே ஒப்பாரி. சோறு வேண்டாம் என்றார். ஜன்னல் வழியாகப் போன ஆறு இட்லியை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் குழல்வாய்மொழி மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். அம்மா உலகம்மாள் மறித்தாள்.

"ஏட்டி, எங்கன போற? அப்பா கௌரவம் என்னத்துக்காகும்?"

"அதத்தான் சித்தப்பா தலையில கட்டிக்கிட்டுப் போயிட்டாகளே. இனி உடையிறதுக்கு இங்கன என்னம்மா இருக்கு?"

உலகம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். வாசல் கதவு கிரீச்சிட்டது.

"யாருட்டி வெளிய போறது?" அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

உலகம்மாள் மகளை ஒருமுறை பார்த்தாள்.

"யாருமில்ல. காத்து."

பிள்ளை தாழ்ப்பாளை நீக்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் வெளியே காட்ட முகம் இல்லையே, பாவம்.

தெருமுக்கில் நின்ற வண்டியில் காற்று ஏறி உட்கார்ந்து, மைக்கூட்டைச் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டது.