இரண்டு சம்மதங்கள்

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் டேட்டாபேஸைப் பதினோராண்டுகள் கட்டிக் காத்தவன், எவரும் போகச் சொல்லாமலேயே அவ்வேலையை விட்டு வெளியேறி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஒப்பந்தப் பணியாளர்கள் பலர் தன் பக்கத்து நாற்காலியில் வந்தமர்ந்து, ஆறு மாதத்தில் காரியத்தை முடித்துவிட்டு, எவருக்கும் தலை குனியாமல் நடந்து செல்வதைப் பார்த்துப் பார்த்து எழுந்த ஆசை அது. தானே இயக்குநரும் தானே ஊழியனுமாக ஒரு கம்பெனியைப் பதிவு செய்தான். ஐந்நூறு விசிட்டிங் கார்டுகளும் அச்சடித்தான். அவற்றுள் பதினான்கே கைமாறின. எஞ்சியவற்றின் பின்புறத்தில் அவனுடைய ஏழு வயது மகள் பூனைப் படம் வரைந்து தீர்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கான்ட்ராக்ட் மட்டும் கிட்டவில்லை. சென்ற இடமெல்லாம், "இதுக்கு முன்னாடி எங்கெங்க கான்ட்ராக்ட் பண்ணியிருக்கீங்க?" என்றே கேட்டனர். பதினோராண்டு அனுபவத்தை எடுத்துரைத்தால், "அது பெர்மனென்ட் வேலைதானே சார்" என்று ஒரே வாக்கியத்தில் அதனைத் துடைத்தெறிந்தனர்.

ஞாயிறன்று மனைவியின் அண்ணன் வந்தார். சரக்குக் கிடங்கு ஒன்றின் மேலாளர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேலியைத் தொடங்கிவிடுபவர்.

"என்ன முதலாளி, கம்பெனியில ஸ்டாஃப் எல்லாம் லீவு போடாம வர்றாங்களா?"

"ஒரே ஸ்டாஃப்தான் மச்சான். அவர் ஒழுங்கா வர்றார். வேலைதான் வர மாட்டேங்குது."

அவர் சிரித்து முடித்துத் தொண்டையைச் செருமினார். "விளையாட்டு போகட்டும் மாப்ள. எங்க குடோன்ல சரக்கு பதியுற ஆள் நின்னுட்டான். நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்காகப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்லை. ஆனா ஒண்ணு, உள்ளே வந்தா உங்க கம்பெனியை மூடிடணும். எங்க விதி அப்படி."

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கான்ட்ராக்ட், இல்லையேல் கிடங்கு. அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இத்தொழிலில், நிறுவனங்களுக்குக் கான்ட்ராக்ட் ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் ஏஜென்டுகள் தங்கள் வாடிக்கையாளரின் பெயரை எளிதில் வெளியிடமாட்டார்கள். வெளியிட்டால், ஆள் தம்மைத் தாண்டி நேரே போய்விடுவானோ என்னும் அச்சம். 'என் சார்பில் விண்ணப்பிக்கச் சம்மதம்' என்று ஒரு வரி மின்னஞ்சல் எழுதி வாங்கிய பின்னரே விண்ணப்பத்தை அனுப்புவார்கள்.

திங்களன்று அழைத்தவள், அவன் வீட்டில் 'சர்க்கரை' எனப் பெயர் சூட்டப்பட்டிருந்த ஏஜென்ட். குரல் அப்படி. "பெரிய ஆஸ்பத்திரி குரூப் சார். பழைய டேட்டாபேஸைப் புதுசுக்கு மாத்தணும். ஆறு மாசம். பேர் மட்டும் இப்ப கேட்காதீங்க." அவன் கேட்கவில்லை, சம்மதம் எழுதினான்.

செவ்வாயன்று, மூச்சு விடாமல் பேசுவதால் 'எக்ஸ்பிரஸ்' என்று அவர்கள் அழைத்த மற்றோர் ஏஜென்ட். "பொதுச் சேவை நிறுவனம் சார், டேட்டா மாத்துற வேலை, இருபத்தாறு வாரம், மத்தியானத்தோட லிஸ்ட் முடியுது, ஒரு வரி தட்டிவிடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்!"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "என்னங்க, ஆறு மாசமும் இருபத்தாறு வாரமும் ஒண்ணுதானே? ரெண்டும் ஒரே இடமா இருந்துடப் போகுது."

"அது ஆஸ்பத்திரி, இது பொதுச் சேவை. நீ வேற. ரெண்டு கதவைத் தட்டினா ஒண்ணாவது திறக்காதா?"

அவள் மீண்டும் வெங்காயத்திற்குத் திரும்பினாள். அவன் இரண்டாம் சம்மதத்தையும் எழுதி அனுப்பினான்.

புதனன்று சர்க்கரை இனித்தாள்: வெள்ளி பதினொரு மணிக்கு நேர்காணல். வியாழனன்று மனைவி கடைக்குச் சென்று இளநீலச் சட்டை ஒன்று வாங்கி வந்தாள். அவன் அறையில் முன்னும் பின்னும் நடந்து, கேட்கப்படக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிப் பார்த்தான். மகள் பூனை வரைவதை நிறுத்தி, படம் விழாத கார்டுகள் பத்தினைப் பொறுக்கி எடுத்து அவன் பையில் வைத்தாள்.

வெள்ளி காலை ஒன்பதுக்குக் கால் மணி முன்னர், இஸ்திரி போட்ட சட்டை கதவில் தொங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. சர்க்கரைதான், குரலில் அது இல்லை.

"சார், வேற யார் மூலமாவது அப்ளை பண்ணீங்களா?"

"பண்ணேன். ஆனா அது வேற இடம்."

"அதே இடம்தான் சார். ஒரே ஆள் பேரு ரெண்டு ஏஜென்ட் கிட்ட இருந்து வந்தா, ரெண்டையும் கிழிச்சுடுவாங்க. கமிஷன் யாருக்குன்னு நாளைக்குச் சண்டை வரும்ல?"

"நீங்க பேரைச் சொல்லியிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேனே!"

"பேரைச் சொல்லக் கூடாது சார். எங்க ரூல்."

"அப்போ எனக்கு எப்படித் தெரியும்?"

"பழகின கான்ட்ராக்டர்ஸ் பேரைக் கேட்டு வாங்கிட்டுத்தான் சம்மதம் தருவாங்க சார்." சற்று நிறுத்தினாள். "உங்களைத்தான் முதல் ஆளா வச்சிருந்தாங்க."

"ஒருத்தரை வாபஸ் வாங்கச் சொன்னா?"

"லிஸ்ட்ல இருந்து உங்க பேரையே எடுத்தாச்சு சார். முடிஞ்சுது."

எக்ஸ்பிரஸை அழைத்தான். "இன்னொரு லைன்ல இருக்கேன் சார்" என்னும் நான்கே சொற்களுடன் அந்த வண்டியும் போய்விட்டது. அவன் தட்டியது ஒரே வீட்டின் முன்கதவையும் பின்கதவையும் என்பது அப்போதுதான் உறைத்தது.

'நான்தான் சொன்னேனே' என்று கூறும் உரிமை மனைவிக்கு இருந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றி அலமாரியில் வைத்தாள், அவ்வளவே.

நான்கு மணிக்கு அறியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. மூன்றாவது ஏஜென்ட், இளங்குரல், மிகுந்த உற்சாகம்.

"சார், உங்க விவரம் பார்த்தேன். உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி ஒரு வேலை! இன்னைக்கு ஒரு ஆள் கழண்டுட்டாராம். கம்பெனி பேரு மட்டும்..."

"ஆஸ்பத்திரி குரூப்பா? டேட்டாபேஸ் மாத்துறதா? ஆறு மாசமா?"

"அட, எப்படி சார் தெரியும்?"

"அங்க என்னை நல்லாத் தெரியும்ப்பா. ரெண்டு பேர் சொல்லி வச்சிருக்காங்க."

அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தான். வேறு எவரும் அழைக்கவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிடங்கள் இருக்கையில் மைத்துனரின் எண்ணை அழுத்தினான்.

"நான் வர்றேன் மச்சான். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

அவர் கேலி எதுவும் செய்யவில்லை. அதுவே அவனுக்குப் பெரும் சங்கடமாயிருந்தது. "ஏழரைக்கு வாங்க மாப்ள. யூனிஃபார்ம் எடுத்து வைக்கச் சொல்றேன். சட்டை என்ன சைஸ்?"

அவனுக்குத் தெரியவில்லை. எழுந்து சென்று, கதவில் தொங்கிய இளநீலச் சட்டையின் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"நாற்பது."

"சரியா இருக்குமா? போட்டுப் பார்த்தீங்களா?"

"இல்லை மச்சான்," என்றான். "இன்னும் போடலை."