கலியம்மாள் கொலைச்சிந்து

எட்டுப் பக்கம், விலை காலணா. சுற்றுவட்டாரத்தில் எவன் எவளை வெட்டினாலும் அதைப் பாட்டாகக் கட்டிய என் கொலைச்சிந்துப் புத்தகம் பத்து நாளைக்குள் சந்தைக்கு வந்துவிடும். அட்டையில் தணிகைவேல் என்று என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வில்லியனூர்த் தேரிலும் திருக்கனூர்ச் சந்தையிலும் கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு நானே பாடி நானே விற்பேன். பிணத்தைத் தின்று பிழைக்கிறான் என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் உண்டு. பேசியவர்களே முன்வரிசையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்கள். செத்தவர்களைப் பற்றி யாராவது ஒருவன் பாடத்தானே வேண்டும், அதை நான் செய்கிறேன், இதில் என்ன கேவலம் என்று அப்போதெல்லாம் வீறாப்பாகச் சொல்லித் திரிந்தேன்.

முப்பத்தொன்றாம் வருஷம் பாகூர் ஏரிக்குக் கீழே ஒரு கூலிக்காரத் தெருவில் கலியம்மாள் என்பவளை அவள் புருஷன் சிங்காரவேலு கரும்பு வெட்டுகிற கத்தியால் வெட்டிக் கொன்றான். மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்ந்தேன். அவனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. வாசலைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். தெருவில் ஒரு ஆளும் என்னிடம் வாய் திறக்கவில்லை. செத்தவளின் தங்கை அம்சவள்ளிதான் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். அந்த நாலு வயசுக் குழந்தை அமுதம், கலியம்மாளின் ஒரே பெண்.

"நீங்கதான பாட்டு கட்றவரு?" என்றாள்.

"ஆமா தங்கச்சி."

"அப்ப எழுதிக்குங்க. கலயத்துல ஒரு வாய் கள்ளு வெச்சிட்டுப் போயிருக்கான் அந்த ஆளு. காலிக் கலயம்னு நெனச்சி அக்கா கழுவிக் கவுத்துட்டா. வந்து பாத்தான், கத்திய எடுத்தான். அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல."

நான் பென்சிலைப் பிடித்தபடியே நின்றேன். "அதுக்கா வெட்னான்?"

"அதுக்குத்தான். நான் அடுப்பாண்ட நின்னு பாத்தேன். அத்த அப்டியே எழுதுங்கண்ணா. இந்தப் புள்ள பெரிசாச்சின்னா ஊரு வாயில எத எதையோ கேக்கும். உங்க பாட்டு இருந்தா, இந்தாடி, இதுதான் நெசம்னு எடுத்துக் குடுப்பேன். அம்மான்னு சொல்லிக்க இதுக்கு வேற இன்னா இருக்குது?"

எழுதுகிறேன் என்று அந்தக் குழந்தையின் தலையில் கை வைத்துச் சொன்னேன். அப்போது ஏமாற்ற நினைக்கவில்லை. சத்தியமாக எழுதத்தான் நினைத்தேன்.

ஆனால் கொலைச்சிந்துக்கு ஒரு முறை இருக்கிறது. சாமி வணக்கம் பாடி, ஊரின் பெருமையைப் பாடி, மூன்றாவதாகக் கொலைக்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் கூட்டம் நெருங்கி வரும். காரணம் சரியாக விழுந்தால்தான் பின்னால் வருகிற வெட்டும் அழுகையும் எடுபடும். கடைசியில் சனங்களுக்குச் சொல்கிற புத்தியும் அதில்தான் தொங்குகிறது. அந்த மூன்றாவது இடத்தில் ஒரு வாய் கள்ளை வைத்து இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். பாட்டு நகரவில்லை. அதற்கு என்ன புத்தி சொல்வது? பெண்களே, கலயத்தைக் கழுவாதீர்கள் என்றா?

புதுச்சேரியில் எனக்கு அச்சடித்துக் கொடுத்த உலகநாதன் நான் எழுதின வரைக்கும் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பி என் மடியிலேயே போட்டார்.

"இன்னாய்யா இது? ஒரு வாய் கள்ளுக்கு வெட்னான்னு பாடுனா கேக்கறவன் இன்னா நெனப்பான்? நம்ம வூட்லயும் கலயம் இருக்குது, கத்தி இருக்குதுன்னு நெனப்பான். பயந்து போயி வூட்டுக்கு நடையக் கட்டுவான். பொம்பள மேல ஒரு தப்பு வெய்யி. அப்பதான் அவனவனுக்கு மனசு ஆறும், நம்ம வூட்ல இது நடக்காதுன்னு."

அவர் மேல் பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. எழுதியது என் கை. அந்த அச்சாபீஸ் பெஞ்சியிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் ஒரு வளையல்காரனைப் பிறப்பித்தேன். மடமடவென்று வந்தது பாட்டு.

வாசல் வந்த வளையல்காரன் கைபிடித்தாளே – அவள்
வாழவந்த வீட்டுக்குத்தான் தீப்பிடித்தாளே
அடி பாவி கலியம்மா, இது அடுக்குமா?

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் கட்டியதிலேயே நல்ல மெட்டு அதுதான். மூன்று தடவை அச்சடித்தும் போதவில்லை. மணப்பட்டில் மீன் விற்கப் புறப்பட்ட பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்கள். ஆறு மாதத்தில் பாகூரிலேயே வளையல்காரனைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் நாலு பேர் கிளம்பிவிட்டார்கள். அவன் நெற்றியில் தழும்பு இருந்ததாக ஒருவர் என்னிடமே சொன்னார்.

அம்சவள்ளி திருக்கனூர்ச் சந்தைக்கு வந்தாள். இடுப்பில் அமுதம். பாட்டில் காரணம் சொல்கிற மூன்றாவது இடத்துக்கு நான் வந்தபோதுதான் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். கை நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. பழகிய வாய், அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டே போனது. முடிந்ததும் கிட்டே வந்தாள். விளக்குமாற்றால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"கொழந்த தலையில கைய வெச்சிச் சொன்னீங்களேண்ணா," என்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த தேருக்கு முன்னால் கள்ளுக் கலயத்தை வைத்தே புதிதாக ஒரு சிந்து கட்டினேன். வளையல்காரன் பொய், நான்தான் புளுகினேன் என்று அதிலேயே எழுதினேன். வில்லியனூரில் நாலு அடி பாடுவதற்குள் கூட்டம் கலைந்தது. "யோவ், இது வேணாம்யா, வளையல்காரன் பாட்ட எடு," என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் கத்தினார்கள். பாடினேன். கூட்டத்துக்குப் பயந்து பாடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கைதட்டலுக்குப் பாடினேன் என்பதுதான் உண்மை. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நான் தொடவில்லை. அதற்கு நான் தேவையாகவும் இல்லை.

உலகச் சண்டைக் காலத்தில் காகிதம் கிடைக்கவில்லை, தொழிலும் நின்றது. சிங்காரவேலு ஜெயிலிலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன். நாற்பத்து மூன்றில் ஒரு நாள் காலையில் மைத்துனன் வீட்டுக்குப் போக நெட்டப்பாக்கத்து வயல் வழியாக நடந்துகொண்டிருந்தேன். நடவு நடந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் முன்பாட்டு எடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். என் பாட்டு. வளையல்காரனைச் சொல்லும் இடத்தில் அந்தப் பெண் குரலை இழுத்து நெளித்தாள், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என்ன அருமையான சாரீரம் என்று முதலில் நினைத்தேன்.

வரப்பில் நாற்று முடியை எடுத்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை நிமிர்ந்தாள். அம்சவள்ளி. அந்த வயசுக்குள்ளேயே தலை நரைத்திருந்தது. நான் யாரென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் வயலைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். முன்பாட்டுப் பாடுகிறவளைக் கையால் காட்டினேன்.

"அவளா?" என்றேன்.

"அவதான்."

"தெரியுமா அவளுக்கு?"

"தெரியாது. என்னய இங்க கட்டிக்குடுத்தாங்க, அவளையும் கையோட கூட்டியாந்துட்டேன். என்னையேதான் அம்மான்னு கூப்புட்றா. பாகூர்ப் பேச்சே எடுக்க மாட்டேன். ஆனா பாட்டு எங்களுக்கு முந்தியே இங்க வந்து கெடந்துது."

"பாடாதேன்னு சொல்லக் கூடாதா?"

"ஏன்னு கேப்பாளே. இன்னா சொல்றது?"

அதற்குள் அமுதமே தண்ணீர் குடிக்க வரப்பேறி வந்தாள். பதினாறு வயசு, முழங்கால் வரை சேறு. "யாரும்மா இது?" என்று கேட்டாள்.

அம்சவள்ளி என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ பாடுனியே, அந்தப் பாட்டு இவரு கட்டுனது."

பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மெய்யாலுமா? தாத்தா, அந்தக் கலியம்மா நெசமாவே அப்டிப்பட்டவதானா?"

பன்னிரண்டு வருஷம் கழித்து என் முன்னால் வந்து நின்ற கேள்வி. அவள் யார் என்று சொல்லாமலே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"இல்லம்மா. அத்தனையும் என் புளுகு. வளையல்காரனே கெடையாது. அவ தங்கமான பொம்பள. புருசன் வெச்சிருந்த ஒரு வாய் கள்ளு தெரியாம கலயத்தக் கழுவிட்டா. அதுக்குப் போயி வெட்டிட்டான்."

அமுதம் என்னையும் அவள் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போ தாத்தா. கலயம் கழுவுனதுக்கு எவனாவது வெட்டுவானா? சும்மாவா வெட்டுவாங்க? அவ ஏதோ பண்ணித்தான் இருப்பா. வயசாயிட்டா பாவ புண்ணியம் பாக்கத் தோணும்னு சொல்லுவாங்க, அதான் நீ மூடிப் பேசற."

"நெசம்மா. நான் சத்தியம் பண்றேன்," என்று கையைத் தூக்கினேன். அம்சவள்ளி சட்டென்று என் கையைத் தள்ளிவிட்டாள்.

"வேணாம்ணா. அவ தலையில வெக்காதீங்க," என்றாள்.

அமுதம் அதற்குள் வயலில் இறங்கிவிட்டாள். எனக்குக் கேட்கட்டும் என்றே விட்ட இடத்திலிருந்து இன்னும் உரக்க எடுத்தாள். தீப்பிடித்தாளே என்ற இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். விளையாட்டுப் பெண். நான் அழுதேன். அம்சவள்ளி அழவில்லை. நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு இறங்கி அமுதத்தின் பக்கத்தில் தன் இடத்தில் போய்க் குனிந்தாள்.

முன்பாட்டு முடிந்தது. வரிசையில் ஒருத்தி மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவள் ஏன் என்று கேட்பாள். அம்சவள்ளி மற்றவர்களோடு சேர்ந்து பாடினாள்: அடி பாவி கலியம்மா, இது அடுக்குமா.