காடாத்துணியில் தைத்த பெட்டி

விமான நிலையத்தில் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது என்று தசரதன் கங்கணம் கட்டிக்கொண்டார். இத்தனைக்கும் போவது அவர் இல்லை, அவர் மனைவி சூர்யகலா. மஸ்கட்டில் மகள் உதயாவுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளை அனுப்பியது ஒரே ஒரு டிக்கெட். அவர்களுடைய சின்ன வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அதைப் பற்றி தசரதன் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைப் பற்றித்தான் ஓயாமல் பேசினார்.

ஆரணியில் ஒரு பட்டுப்புடவை மொத்தக் கடையில் பார்சல் கட்டுவது அவர் வேலை. அவர் கட்டிய பார்சல் எந்த ஊருக்குப் போனாலும் கசங்காமல் போய்ச் சேரும் என்று முதலாளியே சொல்வார். அந்தப் பெருமையெல்லாம் இப்போது வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கியிருந்தது. வீட்டிலிருந்தே செக்-இன் செய்து காகிதம் எடுத்தாகிவிட்டது. பாஸ்போர்ட் ஒரு உறையில், விசா ஒரு உறையில். டீப்பாயைக் குறுக்கே போட்டு, அதுதான் கவுண்டர் என்றார். பின்னால் நின்றுகொண்டு அதிகாரியாகவும் ஆனார்.

"பாஸ்போர்ட்!"

சூர்யகலா நீட்டினாள்.

"இவ்ளோ நேரமா? பின்னாடி நிக்கிறவங்க பேஜார் ஆயிடுவாங்க. ஜல்தியா எடு."

"அடுப்புல சாம்பார் பொங்குது. அதுக்கு இன்னா செக்-இன் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பெட்டியைக் கடைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தார்கள். எடை கூடுதலாக இருந்தது. துழாவிப் பார்த்தால், அடியில் குழந்தைக்கு மருந்து உரைக்கும் கல். வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் உரைத்து, எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பிள்ளையின் நாக்கில் தடவுகிற அதே பழைய கருங்கல்.

"இன்னாங்க இது? அதெல்லாம் கொடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். உதயாவே வேணாம்னு சொல்லிட்டா. கல்லைத் தூக்கிகினு ஏரோப்ளேன்ல போனா ஊரே சிரிக்கும்."

கல்லை எடுத்து வெளியே வைத்தாள். எடை சரியானது. தசரதன் மறுபேச்சு பேசாமல் கல்லைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாய் ஓயாத மனுஷன் பேசாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டாமா? அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டியைக் காணோம். வெள்ளைக் காடாத்துணியைச் சுற்றி, கோணி ஊசியால் நாலு பக்கமும் தைத்த ஒரு மூட்டைதான் இருந்தது. அதன்மேல் கொட்டை எழுத்தில் அவள் பெயர்.

"இது பெட்டியா, லாரி ஆபீசுக்குப் போற பேலா?"

"எவனும் கை வைக்க மாட்டான். வச்சதும் போயிகினே இருக்கும். உனக்கு டைம் மிச்சம்."

கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்தது.

வழியில் டீ குடிக்கக்கூட அவர் இறங்க விடவில்லை. அப்படி மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் வெம்பாக்கம் பக்கத்தில் பஞ்சரான டயர் ஒரே வாயாக விழுங்கிவிட்டது. விமான நிலைய வாசலில் தசரதன் மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். டிக்கெட் இல்லாதவருக்கு உள்ளே அனுமதி இல்லை. "போ, போ" என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

தனியாக இவ்வளவு தூரம் போவது சூர்யகலாவுக்கு இதுதான் முதல் தடவை. ஆனாலும் கூடத்தில் பழகியது வீண் போகவில்லை. கேட்டதும் பாஸ்போர்ட்டை நீட்டினாள். கவுண்டர் பெண் மூட்டையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எடையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அம்மா, ரெண்டு கிலோ அதிகமா இருக்கு. பணம் கட்டுறீங்களா, இல்ல ஏதாவது எடுத்துடுறீங்களா?"

"நேத்து சரியா இருந்துச்சேம்மா!"

எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டாள். அந்தத் தொகைக்குப் புதுப் பெட்டியே இரண்டு வாங்கலாம்.

"அப்போ ஓரமா போய் எடுத்துட்டு வாங்க. கவுண்டர் மூடப்போறோம், சீக்கிரம்."

எடுப்பதா? எங்கே ஜிப்? விரலால் நெம்பிப் பார்த்தாள். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். இந்த விமானத்தை விட்டால், வலி எடுக்கும் நேரத்தில் பெண் அங்கே தனியாக இருப்பாளே என்று நினைத்தாள். போனை எடுத்தாள்.

"உங்க தையல்ல மண்ணு விழ! எட ஜாஸ்தியாம். எப்பிடிங்க பிரிக்கறது?"

அந்தப் பக்கம் வாசலில் கார்களின் ஹாரன் சத்தம்தான் கேட்டது.

"இன்னாங்க, கேக்குதா?"

"தொறந்துதான் ஆவணுமா?" குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பிறகு சொன்னார்: "கைப்பிடிகிட்ட ஒரு முடிச்சு இருக்கும். அவுத்து, நுனியப் புடிச்சு இழு. தானா வந்துடும்."

வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, துண்டில் சுற்றிய கல்.

நேரத்தை மிச்சம் பிடிக்கத் தைத்த தையலாம்! அவள் திறந்து பார்க்கக் கூடாது என்று தைத்திருக்கிறார். தலைக்கு ஏறிய கோபத்தில், வெளியே கொண்டுபோய் அவர் கையிலேயே திணித்துவிட்டு வருவது என்று கல்லைத் தூக்கினாள். துண்டு நழுவியது. கல்லின் நடுவில், உரைத்து உரைத்துத் தேய்ந்த பள்ளம்.

அந்தப் பள்ளத்தில் பாதி அவர் கையால் தேய்ந்தது. உதயா பிறந்த கையோடு சூர்யகலாவுக்கு மஞ்சள்காமாலை வந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் கிடந்தாள். அப்போது பிள்ளையைக் குளிப்பாட்டி, இந்தக் கல்லில் மருந்து உரைத்து வளர்த்தவர் அவர்தான். அவள் திரும்பி வந்தபோது குழந்தை அவளிடம் வர மறுத்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வீரிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. அவருக்கும் போகவேண்டும் என்று இருக்காதா? ஒரு தடவையாவது அவள் அதைக் கேட்டாளா? தராசும் சாம்பாருமாகவே நாள் ஓடிவிட்டது.

கல்லைத் துண்டோடு பெட்டியின் அடியில் செருகினாள். தன் புடவைகளில் மூன்றை உருவினாள். பேர் வைக்கும் அன்று சம்பந்தி வீட்டார் முன்னால் கட்டிக்கொள்ள அவர் கடையில் எடுத்துக் கொடுத்த கத்திரிப்பூ நிறப் பட்டும் அதில் ஒன்று. கனமானது அதுதான். கைப்பையில் சுக்கும் பூண்டும் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தன, அதில் இடமில்லை. புடவைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். எடை சரியாக நின்றது. கவுண்டர் பெண் சீட்டு ஒட்டினாள். பெட்டி உருண்டு உள்ளே போயிற்று.

வாசல் காவலரிடம் கெஞ்சினாள். அவர் பையை வாங்கி வெளியே நீட்டினார். தசரதன் தலை குனிந்தபடி வந்து வாங்கிக்கொண்டார். திட்டு வாங்கப்போகும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். பையின் அடியைக் கையால் தடவினார். மறுபடியும் தடவினார். பிறகு உள்ளே கையை விட்டார். பட்டு வெளியே வந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த நாளில் அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"கல்லு மட்டும் போனா போதுமா?" காவலரின் தோளுக்கு மேலே எட்டிக் கேட்டாள் சூர்யகலா. "வசம்பு எங்க?"

தசரதன் புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"உன் கைப்பையில," என்றார். "சைடு ஜிப்புல இருக்குது."