புதன்கிழமைப் பிள்ளைகள்

சாப்பாட்டு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னதும், நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை. பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும். கழுத்து வியர்வை இன்னும் காயவில்லை.

"மறந்து வச்சிட்டுப் போயிட்டா டீச்சர். காலையிலயும் ஒழுங்கா சாப்பிடல."

கணக்கு டீச்சருக்கு ஆளைத் தெரிந்தது. பதினோராம் வகுப்பில் பிள்ளைகள் 'டெஸ்டர்' என்று கூப்பிடுகிற பெண்ணின் அம்மா. அந்தப் பெண் எந்நேரமும் சட்டைப் பையில், கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு அலைவாள். வகுப்பில் மின்விசிறி நின்றால் வாத்தியார் நிமிர்ந்து பார்ப்பதற்குள் இவள் பெஞ்சு மேல் ஏறியிருப்பாள்.

"இன்னைக்குப் புதன்கிழமைம்மா, மறந்துட்டீங்களா? அவ பயிற்சி நிலையத்துல இருப்பா. இருங்க, ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். யார்கிட்டயாவது குடுத்து அனுப்பலாம்."

அந்தப் புதன்கிழமை ஏற்பாடே கணக்கு டீச்சர் பிடிவாதம் பிடித்துக் கொண்டுவந்ததுதான். வாரத்தில் ஒரு நாள் பதினோராம் வகுப்பில் விருப்பமுள்ள பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நேராகப் பேருந்து ஏறித் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போவார்கள். வயரிங், வெல்டிங், மோட்டார் வேலை என்று பிடித்ததைக் கற்றுக்கொள்வார்கள். இதற்காக அவள் அந்த நிலையத்தின் படியை எத்தனை தடவை ஏறி இறங்கினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. தலைமை ஆசிரியர் கடைசிவரை முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் சம்மதித்தார். "படிக்க அனுப்பினா பைப் ரிப்பேர் பண்ண அனுப்புறீங்களான்னு பெத்தவங்க என் சட்டையப் பிடிப்பாங்க. ஒரே ஒரு புகார் வரட்டும், அன்னைக்கே மூடிடுவேன்" என்றார். மற்ற பிள்ளைகள் இவர்களுக்குப் 'புதன்கிழமைப் பிள்ளைகள்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் அது கேலி. போகப் போக இவர்களே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

வயரிங் மாஸ்டர்தான் ஃபோனை எடுத்தார். பின்னால் யாரோ எதையோ தட்டுகிற சத்தம். டீச்சர் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணா? அவள நீங்க திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டீங்கன்னு சொன்னாளே டீச்சர். பாடம் நிறைய பாக்கி இருக்கு, இனிமே புதன்கிழமையும் ஸ்கூல்தான்னு. அவ இங்க வந்தே ஒரு மாசத்துக்கு மேல ஆகுதே."

எதிரே அந்த அம்மாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தப் பெண் சீருடை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறாள். அங்கே இருக்கிறாள் என்று பள்ளி நினைத்தது, இங்கே இருக்கிறாள் என்று நிலையம் நினைத்தது. இரண்டு பக்கத்தாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

"சரி மாஸ்டர், நான் வரேன்" என்று சொல்லி ஃபோனை வைத்தாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். "வேலையில மும்முரமா இருக்காளாம்மா. நானே அந்தப் பக்கம் போறேன், குடுத்துடறேன்."

எப்படி அவ்வளவு சுலபமாகப் பொய் வாயில் வந்தது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அந்த அம்மாள் டப்பாவைக் கொடுத்தாள். எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, "அவங்கப்பாவுக்கு இதுல இஷ்டமே இல்ல டீச்சர். பொம்பளப் புள்ளைக்குக் கரண்ட் வேலை எதுக்குன்னு குதிச்சாரு. நான்தான் உங்கள நம்பி சண்ட போட்டேன்" என்றாள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா சொல்லிவிட்டுப் போனாள்.

பயிற்சி நிலையத்தின் வாசலிலேயே மாஸ்டர் நின்றிருந்தார். துடைத்த கையையே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தார். "நான் ஒரு தடவ உங்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கணும்" என்றார். "நானும்தான்" என்றாள் டீச்சர். உள்ளே போய், அவளோடு ஒரே பேருந்தில் வருகிற இன்னொரு புதன்கிழமைப் பெண்ணை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். அந்தப் பெண் முதலில் தெரியாது என்றாள். பிறகு மாஸ்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் தள்ளிப் போனதும்தான் வாயைத் திறந்தாள்.

"ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இறங்கிடுவா டீச்சர். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டா. சத்தியமா எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

ஆஸ்பத்திரி. அந்தச் சொல்லைக் கேட்ட நிமிடத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் தன் ஸ்கூட்டரை நிறுத்துகிற வரையில் டீச்சரின் மனம் போகாத இடமில்லை. நோயா? யாராவது கெடுத்துவிட்டார்களா? பதினாறு வயதுப் பெண் யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? முதலில் மகப்பேறு வார்டின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். அங்கே இல்லை. எலும்பு முறிவு, கண், பல் என்று ஒவ்வொரு கதவாகப் போனாள். கடைசியில் வெளிநோயாளிகள் காத்திருக்கும் பெரிய கூடத்தில், வரிசை வரிசையாகப் போட்ட இரும்பு நாற்காலிகளில், இருமுகிறவர்களுக்கும் கட்டுப் போட்டவர்களுக்கும் நடுவே, பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லாத முகம். இயற்பியல் புத்தகம் விரித்தபடி இருந்தது.

டீச்சரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ஓடவும் இல்லை. "வந்துட்டீங்களா" என்றாள், இத்தனை நாளும் அதற்காகவே காத்திருந்தவள்போல.

பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவை அவள் கையில் கொடுத்தாள் டீச்சர். முதலில் சாப்பிடட்டும் என்று விட்டாள். பெண் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். நல்ல பசி. பாதி காலியான பிறகுதான் டீச்சர் கேட்டாள்.

"ஏன்டி இங்க?"

"இங்கதான் டீச்சர் யாரும் ஏன் உக்காந்திருக்கன்னு கேக்க மாட்டாங்க. பார்க்ல உக்காந்தா கேக்கறாங்க. பஸ் ஸ்டாண்டுல மொறைக்கறாங்க. இங்க எல்லாரும் அவங்கவங்க வலியப் பாத்துட்டு இருக்காங்க."

பிறகு நடந்ததைச் சொன்னாள். வயரிங் பலகையில் கம்பியைச் சீவி முடுக்கிக்கொண்டிருந்தாள். மெயின் ஸ்விட்ச்சை அவளே அணைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கினாள். சீனியர் பையன் ஒருவன், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், விளையாட்டாக மெயினைப் போட்டான். கரண்ட் தூக்கி எறிந்தது. சுவரில் போய் மோதினாள். நினைவு வந்தபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். சிலர் முகத்தில் சிரிப்பு இன்னும் அணையவில்லை. மாஸ்டர் தண்ணீர் கொடுத்தார். நெட்டையை நன்றாகத் திட்டினார். அப்புறம் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளிய தெரிஞ்சா உங்க ஸ்கூல் இந்த ஏற்பாட்டையே நிறுத்திடும்மா. உன் கூட வர அத்தனை பேருக்கும் போயிடும்" என்றார்.

"அவர் சொன்னது நெசம்தானே டீச்சர்? உங்ககிட்ட சொன்னா நீங்க ஹெச்.எம்.கிட்ட சொல்லணும். அப்பாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே எனக்குப் படிப்பே கிடையாது. அங்க போனா கை நடுங்குது. டெஸ்டரப் புடிச்சா அது ஆடுது." அவள் கையை நீட்டிக் காட்டினாள். இப்போது அது ஆடவில்லை. "யாருக்கும் சொல்லாதீங்க டீச்சர். ப்ளீஸ். அடுத்த வாரத்துலேருந்து நான் ஸ்கூலுக்கே வந்துடறேன். அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு."

டீச்சருக்கு ஒரு கணம் சுமை இறங்கினாற்போல இருந்தது. உண்மைதான், முடிந்து போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஏற்பாடு நடக்கும், தலைமை ஆசிரியர் முகத்தைச் சுளிக்க மாட்டார். இந்தப் பெண் ஒருத்தி மட்டும் மின்விசிறி நின்றால் எழுந்திருக்க மாட்டாள். அந்த நிம்மதி எவ்வளவு இனிப்பாக இருந்ததோ அவ்வளவு குமட்டியது.

"ஏறு வண்டியில" என்றாள்.

"எங்க டீச்சர்?"

"மாஸ்டர்கிட்ட. நீ ஒண்ணும் பேச வேணாம். நான் பேசறேன்."

வழியெல்லாம் பெண்ணின் கை அவள் இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தது. பயிற்சி நிலையத்தின் வாசலுக்குத் திரும்பியதும் அந்தப் பிடி திடீரென்று விட்டுப்போனது. வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"உங்க மொகம் சரியில்ல டீச்சர்" என்றாள் அந்த அம்மாள். "கடைக்குப் போயி இஸ்திரிப் பொட்டியக் கையில எடுத்தேன், மனசு நிக்கல. அதான் பஸ் ஏறிட்டேன். இவ இங்க இல்லன்னு சொல்றாங்களே?"

"காலையில உங்ககிட்ட பொய் சொன்னேம்மா" என்றாள் டீச்சர். பிறகு எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: வராத மாதத்தை, ஆஸ்பத்திரியை, நெட்டையை, மாஸ்டர் வாயை மூடச் சொன்னதை. சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. மகளைத் தொட்டாள். தோள், முழங்கை, விரல்கள் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள், எங்காவது இன்னும் சுடுகிறதா என்பதுபோல.

"எங்க நடந்தது? காட்டு."

பட்டறைக்குள் இவர்கள் நுழைந்ததும் எல்லாச் சத்தமும் நின்றது. மாஸ்டர் முன்னால் வந்தார். "தப்புதாம்மா. நான் பயந்துட்டேன்" என்றார். அவளோ அவரைத் தாண்டிப் பார்த்தாள். "யாரு ஸ்விட்ச்சப் போட்டது?"

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் எல்லோருடைய பார்வையும் ஒரே பக்கம் போனது. நெட்டை தன் உயரத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கூனிக்கொண்டு நின்றான். அந்த அம்மாள் அவன் முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று டீச்சர் ஓர் அடி எடுத்து வைத்தாள். அவள் அடிக்கவில்லை.

"செத்திருந்தா என்னப்பா பண்ணியிருப்ப?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். நிஜமாகவே பதில் வேண்டும் என்பதுபோல அவன் வாயையே பார்த்தாள்.

டீச்சர் மாஸ்டரிடம் தணிந்த குரலில், "சாயங்காலத்துக்குள்ள நீங்க உங்க முதல்வர்கிட்ட சொல்லிடுங்க. நான் எங்க ஹெச்.எம்.கிட்ட சொல்றேன்" என்றாள்.

"மூடிடுவாங்க டீச்சர்."

"மூடலாம். விடக் கூடாதுன்னு நானும் சண்ட போடுவேன். ஆனா சொல்லிட்டுத்தான்."

அந்த அம்மாள் திரும்பி மகளைப் பார்த்தாள். "உனக்கு இது வேணுமா வேணாமா? எனக்காகவும் சொல்லாத, டீச்சருக்காகவும் சொல்லாத. வேணாம்னா இப்பவே போயிடலாம். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

பெண் தன் பழைய பலகையைப் பார்த்தாள். பாதி முடுக்கிய கம்பிகள் அப்படியே தொங்கின. பிறகு நடந்து போய் மெயின் ஸ்விட்ச்சை அணைத்தாள். அதோடு நிற்காமல் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள். திரும்பி வந்து அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஸ்விட்ச்ச யார் வேணா போடலாம்மா. இது இல்லாம கரண்ட் வராது. நான் சொல்றவரைக்கும் யாருக்கும் குடுக்காத."

பலகையின் முன்னால் போய் நின்றாள். கரண்ட் இல்லைதானா என்று பார்க்க டெஸ்டரை எடுத்துக் கம்பி நுனியில் வைத்தாள். கை நடுங்கியது, டெஸ்டர் நுனி பக்கத்திலிருந்த பித்தளைத் திருகில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. எடுத்துவிட்டு மூச்சு வாங்கி மறுபடி வைத்தாள். டீச்சரின் பைக்குள் ஃபோன் அடித்து, நின்று, மறுபடி அடித்தது, பள்ளியிலிருந்துதான் இருக்கும். இஸ்திரிச் சூடு பட்டுக் காய்த்துப்போன விரல்கள் வெளுத்துப் போகும்படி, அந்தப் பீங்கான் கட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மகளின் முதுகையே பார்த்தபடி நின்றாள் அம்மா.