டயர்க்கடையில் தரை உயர்ந்த வரலாறு

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை, மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள ஹென்றியின் டயர்க்கடையில், பதினைந்து வயது தனுஷிகா நின்றுகொண்டிருந்த இடத்தில் கொங்கிரீட் தரை ஒரு சாண் உயர்ந்தது. வெளியே மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தன. நான்கு சக்கரங்களுக்கும் குளிர்கால டயர் மாற்ற அந்த வாரக் கூலி நாற்பத்தைந்து டொலர். தரையில் வெடிப்பு எதுவும் விழவில்லை, சத்தமும் கேட்கவில்லை. ஜாக்கியில் ஏற்றியிருந்த நீலநிறக் காரும் அவளோடு சேர்ந்து மேலே போனது. அதன் சொந்தக்காரர் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, இதற்கென்று தனியாகக் காசு எடுப்பீர்களா என்று மட்டும் கேட்டார்.

இதற்குக் காரணம் அந்த ஆண்டு வந்த பள்ளிச் சீர்திருத்தம் என்று சிலரும், தனுஷிகாவின் தாய் புஷ்பவதிக்குத் தெரிந்த ஆங்கிலம் என்று சிலரும் சொன்னார்கள். இரண்டும் சரிதான். சீர்திருத்தத்தின்படி பதினைந்து வயதுப் பிள்ளைகளின் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பொதுப்பாதை. அதில் போகிறவர்கள் சோதனை எழுதி, சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிக் கல்லூரிக்குப் போய், அங்கே வாங்கியதைக் காட்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். மற்றது தொழிற்பாதை. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் ஏதாவது ஒரு வேலைத்தளம். இரண்டு பாதைகளும் சமம், ஒன்று மேல் மற்றது கீழ் என்று யாரும் எண்ணக்கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் பிரெஞ்சில் விளக்கினார்கள். அப்படியென்றால் உங்கள் சொந்தப் பிள்ளை எந்தப் பாதையில் என்று பின்வரிசையிலிருந்த ஒரு தகப்பன் கேட்டார். அதற்குள் கூட்ட நேரம் முடிந்துவிட்டது. பொதுப்பாதை வகுப்புகள் மூன்றாம் மாடியில் ஜன்னலோரத்தில் நடந்தன. தொழிற்பாதைக்கு நிலத்துக்குக் கீழே, கொதிகலனுக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. அங்கே நல்ல சூடு இருந்ததால் அந்தப் பிள்ளைகள் யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

தனுஷிகா கணிதத்தில் இரண்டு முறை தவறியவள். பெயர் கூப்பிட்டால் அவ்வளவு மெதுவாகப் பதில் சொல்வாள் என்பதால், வகுப்பில் இருந்த நாட்களிலேயே பலமுறை வராதவளாகப் பதியப்பட்டிருக்கிறாள். அவளுடைய தாய் தகப்பன் இருவரும் மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள். தகப்பன் எமிலியானுஸ் ஊரில் விவசாயப் பட்டம் பெற்றவன், இங்கே புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினான். அவனுடைய பட்டம் வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. அதை இந்த நாட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டில் யாரும் அதைக் கழற்றவில்லை, வாரத்துக்கு ஒருமுறை புஷ்பவதி அதைத் துடைத்தாள். புஷ்பவதிக்குக் குழந்தைகள் பராமரிக்கும் ஒரு கார்டெரியின் சமையலறையில் வேலை. ஆங்கிலம் அவளுக்கு நன்றாக வாசிக்க வரும். பிரெஞ்சில் தெரிந்ததெல்லாம், கார்டெரியில் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பார்த்துச் சத்தம் போடும் சொற்கள்தான்: வா, இரு, வாயில் வைக்காதே, இறங்கு.

செப்டம்பரில் பள்ளியிலிருந்து வந்த கடிதம் பிரெஞ்சில் இருந்தது. நடுவில் ஒரு சொல் தடித்த எழுத்தில் இருந்தது. வேலைத்தளத்தில் பயில்வதற்குப் பிரெஞ்சில் சொல்லும் சொல் அது. ஆங்கிலத்தில் அதே எழுத்துகளை ஸ்டேஜ் என்று வாசிப்பார்கள், மேடை என்று பொருள்.

"இதென்ன புள்ள, ஸ்டேஜ் எண்டு போட்டிரிக்கு?" என்று புஷ்பவதி கேட்டாள்.

"ஸ்தாஜ், அம்மா."

"ஸ்தாஜ் இல்ல, ஸ்டேஜ். இவ்வளவு நாள் இங்க படிச்சும் ஒரு சொல்லை ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல. அப்ப வாரத்தில ரெண்டு நாள் ஸ்டேஜா?"

"ஓம்."

"உனக்கு விருப்பமா?"

"ஓம்," என்றாள் தனுஷிகா. அது தாய்க்குக் கேட்டது. அவ்வளவு தெளிவாக அவள் ஒரு பதில் சொன்னதே இல்லை. புஷ்பவதி உடனே கையெழுத்து வைத்தாள். வாய் திறக்காத பிள்ளையை மேடையேற்றிப் பழக்க அரசாங்கமே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது என்று அவள் நம்பினாள். கோயிலில் சொன்னாள், கார்டெரியில் சொன்னாள், புரோசார்டில் இருந்த கணவனின் தங்கை றோஸ்மேரிக்கும் தொலைபேசியில் சொன்னாள். றோஸ்மேரியின் மகன் சஞ்சீவன் பொதுப்பாதையிலும் கெட்டிக்காரர் வகுப்பில் படித்தான். அதனால் இதுவரை தொலைபேசியில் பேசுகிற வேலை றோஸ்மேரிக்கும் கேட்கிற வேலை புஷ்பவதிக்குமாக இருந்தது. அந்த ஒருநாள் மட்டும் முறை மாறியது.

ஆகவே அந்த நவம்பர் செவ்வாயன்று புஷ்பவதி காஞ்சிபுரம் சேலையும் அதன்மேல் குளிர்க்கோட்டும் அணிந்து, வீடியோ கமராவோடு வந்த றோஸ்மேரியையும் கூட்டிக்கொண்டு, கடிதத்தில் இருந்த விலாசத்துக்குப் போனாள். அது ஹென்றியின் டயர்க்கடை. ஹென்றியும் மட்டக்களப்பார், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பம். தமிழில் ஏசுவார், பிரெஞ்சில் கணக்குச் சொல்வார், பாட்டுப் பாடினால் மட்டும் போர்த்துக்கேயம்.

"கார் எங்க நிக்குது தங்கச்சி?" என்றார்.

"கார் இல்ல. ஸ்டேஜ் பாக்க வந்தம்."

ஹென்றி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே காட்டினார். "அந்தா நிக்கிறாள் உங்கட ஸ்தாஜ்."

தனுஷிகா தனக்குப் பெரிதான ஓவரோல் ஒன்றை மடித்துக் கட்டிக்கொண்டு, சக்கரத்தின் நட்டுகளை எயார்கன்னால் கழற்றிக்கொண்டிருந்தாள். றோஸ்மேரி கமராவைத் தாழ்த்தவில்லை. "மச்சாள், நடனமா இது, நாடகமா?" என்று கேட்டாள். "உடுப்பு நல்லாத்தான் இரிக்கு. தாளமும் பரவாயில்ல." புஷ்பவதி மகளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. வாசல் பக்கம் திரும்பி நின்று, ஹென்றிக்கும் றோஸ்மேரிக்கும் சேர்த்துச் சொன்னாள்: "நான் கையெழுத்து வெச்சது ஸ்டேஜுக்கு. என்ட புள்ள ஸ்டேஜிலதான் நிப்பாள்."

அப்போதுதான் தரை உயர்ந்தது. றோஸ்மேரியின் வீடியோவில் அது பதிவாகியிருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கிறவர்களுக்கு, ஒரு பெண்பிள்ளை நின்றபடியே கொஞ்சம் வளர்ந்ததுபோல மட்டும்தான் தெரியும்.

அதன்பிறகு செவ்வாயும் புதனும் அவள் வேலையைத் தொடங்கியதும் தரை உயர்ந்தது, ஓவரோலைக் கழற்றியதும் தாழ்ந்தது. நவம்பர் முடிவதற்குள் சாண் முழமானது. கார்களை ஏற்ற ஹென்றி இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்தார். காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்காகச் சுவரோரமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகள் யாரும் இழுக்காமலே வரிசையாகின. வேலை இல்லாதவர்களும் வந்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் உள்ளே ஹீற்றர் இருந்தது. கடைசி நட்டு இறுகியதும் ஒரு கிரேக்கக் கிழவர் கைதட்டினார், பிறகு அது வழக்கமாகிவிட்டது. தனுஷிகாவுக்கு இது பெரிய துன்பம். அவள் டயர்க்கடையைத் தேர்ந்ததே, அங்கே குனிந்தபடி வேலை செய்யலாம், யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றுதான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பினால் மேடையும் மெல்லச் சுழன்று அவளைக் கதிரைகளின் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது. ஒருநாள் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஹென்றி வெளியே நின்று, "அழுறதெண்டா அழு புள்ள, ஆனா அந்த டொயோட்டாக்காரன் காத்து நிண்டு கனடா முழுக்கக் கேக்க என்னை ஏசிப்போட்டான்," என்றார். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பார்க்கப்படுவதைவிட அந்த வேலை போய்விடுவதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சக்கரம் கைக்கு வரும்போது அவளுடைய தலைக்குள் இருந்த இரைச்சல் நின்றது. வகுப்பறையில் அது ஒருநாளும் நின்றதில்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியாது.

வீட்டில் எல்லோருக்கும் குழப்பம். இது பெருமையா வெட்கமா என்று புஷ்பவதியால் முடிவெடுக்க முடியவில்லை. காலையில் ஒன்றாகவும் மாலையில் மற்றதாகவும் இருந்தது. "டயர் மாத்துறத்துக்கு ஏன் மேடை? மேடை தாற அளவுக்கு மதிப்பெண்டா ஏன் அந்த அறை நிலத்துக்குக் கீழ?" என்று எமிலியானுஸ் கேட்டான். அவன் சுவரில் இருந்த பட்டத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான். பாதை மாற விரும்பும் பிள்ளைகள் ஜனவரிக்குள் சொல்லலாம் என்று பள்ளி அறிவித்திருந்தது. மகளைப் பொதுப்பாதைக்கு மாற்றச் சொல்வதென்று புஷ்பவதி தீர்மானித்தாள். கணிதத்துக்கு ரியூஷன் வைக்கலாம், மூன்றாவது முறையும் எழுதலாம். தனுஷிகா சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

ஜனவரியில் பள்ளியிலிருந்து மதாம் கொலேத் வந்தார். வேலைத்தளங்களைப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையும் அங்கே தொடரலாமா என்று முடிவுசெய்கிறவர் அவர். அன்றைக்கே அவரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று புஷ்பவதியும் கணவனோடு வந்து வாசலோரம் நின்றாள். மதாம் கொலேத் உயர்ந்த தரையைப் பார்த்தார், அதன் அடியில் குனிந்து பார்த்தார், மேலே ஏறியும் பார்த்தார். பிறகு கவலையோடு, தரை உயர்வதைப் பற்றிப் பள்ளிக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் முழ உயரத்தில் மாணவர் வேலை செய்வதானால் ஓரத்தில் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். ஹென்றி ஏற்கெனவே கம்பி பூட்டிப் பார்த்தவர். மேடை சுழன்றதும் கம்பி வளைந்தது, மாலையில் தரை தாழ்ந்ததும் கழன்று விழுந்தது. அவர் இதைச் சொன்னார். மதாம் கொலேத் உண்மையிலேயே வருந்தினார். பிறகு தனுஷிகாவைப் பார்த்துக் கையசைத்து, "தெசாந்," என்றார்.

இறங்கு என்று பொருள். கார்டெரியில் மேசைமேல் ஏறிய குழந்தைகளிடம் சொல்கிற அதே சொல், அதே கையசைவு. புஷ்பவதிக்கு அந்த உரையாடலில் விளங்கிய ஒரே சொல்லும் அதுதான். தனுஷிகா எயார்கன்னைக் கீழே வைத்தாள்.

"ஆரைப் பாத்து இறங்கச் சொல்றாய்?" என்று புஷ்பவதி தமிழிலேயே கேட்டாள். "அவள் என்ன மேசையில ஏறின குழந்தையா?"

"கம்பி இல்லையாம், அதுதான்," என்று எமிலியானுஸ் அவளுடைய கையைப் பிடித்தான். "நீ நிப்பாட்டத்தானேகா வந்தநீ? இப்ப அவங்களே நிப்பாட்டுறாங்க. பேசாம வா."

"நான் நிப்பாட்டுறது வேற, இவ இறக்குறது வேற. விடுங்க கைய."

அவள் குளிர்க்கோட்டைக் கழற்றிக் கணவனிடம் எறிந்துவிட்டு மேடையில் ஏறினாள். ஓரத்தில், மகளுக்கு முதுகைக் காட்டி, கதிரைகளைப் பார்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றாள். "கம்பிதானே வேணும்? நான்தான் கம்பி. எழுதச் சொல்லுங்க." எமிலியானுஸ் அதைப் பிரெஞ்சில் சொன்னான். மேடை அப்போது சற்றுச் சுழன்றது. புஷ்பவதியும் அதோடு சுழன்றாள், வளையவில்லை, விழவில்லை. மதாம் கொலேத் அவளுடைய கையைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். விதியில் கம்பி இரும்பாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லியிருக்கவில்லை. தடுப்பு உண்டு என்று எழுதிக்கொண்டு, கோப்பி ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் குளிர்காலமும் வசந்தமும் புஷ்பவதி கார்டெரியில் வேலை நாட்களை மாற்றிக்கொண்டு, செவ்வாயும் புதனும் கம்பியாக நின்றாள். வயதானவர்கள் மேடையில் ஏறும்போது அவளைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் அவளுடைய விரித்த கையில் தொப்பியைக் கொழுவினார்கள், அதற்கு மட்டும் ஏசினாள். பாதை மாற்றும் பேச்சு அதன்பின் வரவில்லை. அது சம்மதமா, நேரமில்லாமையா என்று அவளுக்கே தெளிவில்லை. றோஸ்மேரியும் தன் காரைக் கொண்டுவந்தாள். "மச்சாள், நீ கம்பியா, சிலையா?" என்று கேட்டுவிட்டு, போகும்போது பிள்ளை நட்டுகளை நன்றாக இறுக்கியிருக்கிறாள் என்று பொதுவாகச் சொன்னாள். ஜூன் மாதம் தனுஷிகாவின் பயிற்சி முடிந்தது. ஒரு தொழிலுக்கு மட்டும் செல்லுபடியாகும் சிறிய சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அது தகப்பனின் பட்டத்தைவிடச் சின்னது, ஆனால் அதைக் காட்டச் சொல்லி ஹென்றி கேட்டார், கேட்டு வாசித்துவிட்டு அவளை வேலைக்கு எடுத்தார். குளிர்கால டயர் இல்லாமல் இனி யாரும் ஓட்டக்கூடாது என்று அந்த ஆண்டு சட்டம் வந்ததால், அவருக்கு ஆள் தேவைப்பட்டது. கோடையில் அவள் களஞ்சியத்தில் டயர் அடுக்கினாள். அங்கே தரை தரையாகவே கிடந்தது.

நவம்பரில் அவள் மறுபடி சக்கரத்துக்கு வந்த முதல் திங்கட்கிழமை, கதிரைகள் எல்லாம் நிறைந்திருந்தன. இப்போது அவள் பயில்கிறவள் இல்லை, சம்பளக்காரி. ஸ்தாஜ் என்ற அந்தச் சொல் முடிந்துவிட்டது, ஆகவே மேடையும் முடிந்திருக்க வேண்டும் என்று பாதிப்பேர் சொன்னார்கள். தனுஷிகா ஓவரோலை மாட்டினாள், எயார்கன்னை எடுத்தாள். தரை எப்போதும்போல ஒரு முழம் உயர்ந்தது. புஷ்பவதி விடுப்பு எடுத்து வந்திருந்தாள். வழக்கமான ஓரத்தில் போய் முதுகைக் காட்டி நின்று கைகளை விரித்தாள்.

"அம்மா," என்றாள் தனுஷிகா. கடைசிக் கதிரைவரை கேட்டது. "இனிக் கம்பி தேவையில்ல. நீங்க இறங்கிப்போய் இருங்க."

புஷ்பவதி கைகளைத் தாழ்த்தினாள். இறங்கி, கிரேக்கக் கிழவர் நகர்ந்து கொடுத்த கதிரையில் உட்கார்ந்தாள். இவ்வளவு காலமும் அவள் மகளின் வேலையைப் பார்த்ததே இல்லை. இப்போது முன்வரிசையில் இருந்து பார்த்தாள். ஹென்றி வெளிக்கதவைத் திறந்தார், குளிர் உள்ளே வந்தது, அதன்பின்னால் முதல் கார் பலகைமேல் ஏறியது.