பெரும்புள்ளி வைத்த புள்ளி

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை, சக்கரத்தில் தொடங்கவில்லை. எது எங்கே இருக்கிறது என்று மனிதன் வரிசைப்படுத்தி வைத்த அன்றுதான் தொடங்கியது. பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று இந்த மகத்தான உண்மையை அறிவித்த கிடங்கு மேற்பார்வையாளர், அன்று காலை சாவியைக் காணாமல் மனைவியை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருந்தார். சாவி அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது.

அலுவலகத்தில் கணினிப் பிரிவு புதிதாகத் திறக்கப்போகிறார்கள். பயிற்சியின் கடைசிப் பணியை ஒழுங்காக முடிப்பவருக்கு அதன் தலைவர் நாற்காலி. கிடைக்காவிட்டால் மறுபடியும் கிடங்கு, அட்டைப்பெட்டி, எலிப்பொறி. இத்தனை வருஷம் அவர் தும்மிய தும்மலெல்லாம் அந்தத் தூசியின் உபயம். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் பெரும்புள்ளி என்பார்கள். ஒருமுறை அது காதில் விழுந்தபோது, ஊரே உண்மையைப் பேசுகிறது என்று அவர் மகிழ்ந்துபோனார்.

பணி இதுதான்: ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் கோப்புகளை வரிசையாகத் திரையில் காட்டும் கட்டளை ஒன்றை எழுத வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு குழு. அவருக்கு வாய்த்தவர் கணக்குப் பிரிவு அம்மா. விவரத்தாள் இரண்டு பக்கம். மேற்பார்வையாளர் குண்டூசியைக் கழற்றி அதைப் பிரித்தார்.

"வேலையப் பங்கு போட்டுக்கணும்மா. முதல் பக்கம் எனக்கு. ரெண்டாவது உங்களுக்கு."

"முதல் பக்கத்துல தலைப்பும் தேதியும்தானே சார் இருக்கு?"

"அதுக்குப் பேருதான் திட்டமிடல்."

திட்டமிடல் நான்கு கூட்டங்களாக நடந்தது. முன்னுரை, நோக்கம், பணிப்பகிர்வு, குறைகேட்பு என்று அவர் கோப்புகளாக எழுதிக் குழுவின் கோப்புறையில் குவித்தார். அந்த அம்மா மதிய உணவு நேரத்தில் ஒரு கையால் சாப்பிட்டு, ஒரு கையால் தட்டி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இரண்டாம் பக்கத்தில் சொன்னபடியே கட்டளையை எழுதினார். தன் மகனின் படங்கள் இருந்த கோப்புறையில் ஓட்டிப் பார்த்தார். அத்தனையும் வரிசையாக வந்தன. வகுப்புக் கணினியிலும் ஏற்றிவிட்டார்.

ஒப்படைக்கும் நாள் காலையில் மேற்பார்வையாளருக்கு ஒரு யோசனை உதித்தது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அலுவலகக் கணினியில் அந்தக் கோப்பு பட்டியலின் உச்சிக்குப் போய்விடுகிறது. முக்கியமான கோப்புகள் எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தார். எல்லாமே முக்கியம்தான். சொந்த விஷயமான ஒன்றை மட்டும் புள்ளியில்லாமல் விட்டார். அது அடியில் கிடக்கும், யார் பார்க்கப்போகிறார்கள்?

வகுப்பில் மேலாளர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் இவர்களுடைய கோப்புறையையே கொடுத்துக் கட்டளையை ஓட்டினார். சுவரில் பெரிதாக விழுந்த திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

மேற்பார்வையாளர் இருக்கையை விட்டு எழுந்தார். முன்னுரை எங்கே? நோக்கம் எங்கே? கணக்குப் பிரிவு அம்மாவைப் பார்த்தார். அவரும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா?"

"நான் உங்க கோப்பத் தொடவே இல்ல சார்."

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அதே வரி. கணினியில் பூச்சி புகுந்திருக்கும் என்றார். மின்சாரம் குறைவாக வருகிறதோ என்றார். பயிற்சியாளர் கோப்புறையை வேறு வழியில் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதுவும் அழியல சார். புள்ளில ஆரம்பிக்கிற பேரெல்லாம் மறைஞ்சுதான் இருக்கணும். ரெண்டாம் பக்கத்துல முதல் விதியே அதான். அம்மா எழுதினது ரொம்ப சரியா வேலை செய்யுது."

"மறைஞ்சா? புள்ளி வச்சா மேலதானே சார் வரும்?"

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேலாளர் எழுந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

'பிரிவுத் தலைவர் பதவி – என் ஏற்புரை – திருத்தியது 6.'